மஞ்சள் கிளை, நீலக் கிளை

அந்த ஆண்டுகளில் கோயம்புத்தூரில் ஒருவருக்குக் கை விழுந்துவிட்டது என்றோ பேச்சு நின்றுவிட்டது என்றோ கேள்விப்பட்டால், நலம் விசாரிக்க வருகிறவர்கள் விதியைப் பற்றிப் பேசுவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வாங்கிவந்த சாத்துக்குடிப் பையை மேசையில் வைத்து, குரலைத் தாழ்த்தி, "யாருங்க முடிவு பண்ணுனது?" என்றுதான் கேட்டார்கள்.

அப்படிக் கேட்க வைத்தது நுண்கண் என்னும் கருவி. மூளையின் இரத்தநாளங்களைப் பார்க்கும் பழைய ஊடுகதிர்க் கருவிகள், மழை வழியும் கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் மரத்தைப் போல அவற்றைக் காட்டின. அடிமரமும் பெருங்கிளைகளும் தெரியும். மற்றவை வெறும் கறை. நுண்கண்ணோ இலையின் நரம்பு வரைக்கும் காட்டியது. தலைமயிரின் பருமனே உள்ள துணைநாளமும், சாயம் செலுத்திய மறுகணத்தில் திரையில் தனியாக எழுந்து நின்றது. அது மூளையின் எந்தப் பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகிறது என்பதையும் கருவி பக்கத்திலேயே எழுதியது.

முன்பெல்லாம் மருத்துவர் மணிக்கட்டு வழியாக நுண்குழலை மேலே ஏற்றி, புடைத்துப்போன நாளத்தை அடைத்துவிட்டு வருவார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கிளை அந்த வேலையின்போது மூடிக்கொண்டால், நோயாளிக்குக் கை வராமல் போகும். காரணம் எவருக்கும் தெரியாது; ஆகவே எவர் மீதும் குற்றமும் இல்லை. இப்போது கிளை தெரிந்தது. தெரிகின்ற கிளையை மூடுவதென்றால், மூடச் சொன்னவர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதை வரையறுத்த படிவத்தை எழுதியவர் மருத்துவர் பூங்கோதை. பயிற்சிக் காலத்தில், வாய் கோணிப்போன ஒரு கொத்தனாரின் மனைவியிடம் தம்முடைய தலைமை மருத்துவர், "எல்லாம் அவன் செயலம்மா" என்று மேலே கையைக் காட்டியதை அவர் பின்னால் நின்று பார்த்திருந்தார். அந்தப் பெண் மேற்கூரையை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே மின்விசிறிதான் இருந்தது. இனி எதையும் மறைக்கக் கூடாது என்று பூங்கோதை அன்று உறுதி கொண்டார். பல ஆண்டுகள் கழித்து வந்த படிவம் அந்த உறுதியின் பயன். முதலில் நோயாளியிடம் கேட்க வேண்டும். அவர் முடிவு சொல்லும் நிலையில் இல்லையென்றால் மட்டும் நெருங்கிய உறவினர் மூவர் தேர்ந்தெடுக்க வேண்டும். நடந்த யாவும் படத்தோடு பதிவாகும். பதிவைப் பார்க்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

படிவத்தின் ஆறாவது கட்டத்தில், 'நோயாளி முடிவு சொல்லும் நிலையில் உள்ளாரா?' என்ற வரி இருந்தது.

"அந்தக் கட்டம் எதுக்குங்கம்மா?" என்று, நுண்கண்ணை இயக்கும் கதிர் இயக்குநர் நாச்சிமுத்து அடிக்கடி சிரிப்பார். பணி ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகளே இருந்த அவருக்குப் பூங்கோதையிடம் அந்த உரிமை இருந்தது. "நாலு வருசத்துல நீங்க 'ஆம்'னு எழுதி நான் ஒருக்காகூடப் பாக்கலீங்களே. 'இல்லை'ன்னு அச்சடிச்சே வாங்கிப்போட்டா மசியாச்சும் மிச்சமாகும்."

பூங்கோதையும் சிரித்துவிடுவார். வேறு என்ன செய்வது? படிவத்தை எழுதிய நாளில் அவருக்கு உறவினர்களைத் தெரியாது. உறவினர்கள் கதிர் அறையின் வாசலுக்கு முன்பே வந்து கைகூப்பி நிற்பார்கள். அவர்கள் கேட்பதும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் கைகூப்பி நின்றவர், நோயாளி மரகதமணியின் கணவர் சென்னியப்பன்.

"டாக்டரம்மா, ஒரு சின்ன வேண்டுகோளுங்க. அவகிட்ட எதையும் சொல்லிராதீங்க. தலைவலிக்குப் படம் எடுக்கறாங்கன்னுதான் சொல்லிக் கூட்டியாந்திருக்கறனுங்க. உள்ள இன்னது இருக்குதுன்னு தெரிஞ்சா பயத்துலயே போயிருவா."

"அவங்களுக்குத் தெரியறது நல்லதுங்க."

"வாய்தானுங்க பெருசு. மேல பல்லி உழுந்தா மூணு நாளைக்குச் சோறு எறங்காது அவளுக்கு. உங்களக் கையெடுத்துக் கும்புடறனுங்க."

அவர் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய மைத்துனர் ரங்கராசும், மகள் யாழிசையும் நின்றிருந்தார்கள். யாழிசைக்கு வயது பத்தொன்பது. பூங்கோதை, பணிவான மனிதர்கள் எல்லோரும் செய்வதுபோல், சரி என்றும் சொல்லாமல் மறுக்கவும் செய்யாமல் தலையை அசைத்துவிட்டு உள்ளே சென்றார்.

மேசையில் படுத்திருந்த மரகதமணிக்கு நாற்பத்து நான்கு வயது. குடிநீர்க் குறைகேட்பு மையத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்பவர். தலை அசையாமல் இருக்கப் பட்டைகள் கட்டியிருந்தார்கள். வாய்க்குக் கட்டு இல்லை. மயக்கமருந்தும் கொடுக்கவில்லை. சோதிக்கும்போது நோயாளி விழித்திருக்க வேண்டும்.

"ஏனுங்க டாக்டர், இந்தக் கண்ணு என்ற மண்டைக்குள்ள நான் என்ன நெனைக்கறேங்கறதையும் காட்டுங்களா?"

"இல்லீங்க. ரத்தம் ஓடறது மட்டுந்தான் தெரியும்."

"நல்லவேளைங்க. என்ற மாமியாளப் பத்தி நெனைக்கறதெல்லாம் வெளிய வந்துச்சுன்னா பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாது."

பூங்கோதை முகமூடிக்குள் சிரித்தார். அத்தனை நுண்மையாகக் காட்ட நுண்கண்ணுக்கு மிகுந்த கதிர் தேவைப்பட்டது. அதனால் மேசையருகே ஈயக் கவசத்தோடு ஒருவர் மட்டுமே நிற்கலாம் என்பது விதிமுறை. நாச்சிமுத்து கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருந்தார். உறவினர்கள் மாடியில் இருந்த பார்வைக் கூடத்தில், ஒரு சுவர் முழுவதும் விரிந்த திரைக்கு முன்னால் அமர்ந்திருந்தார்கள்.

நுண்குழல் மணிக்கட்டில் நுழைந்து, தோளைக் கடந்து, கழுத்தேறி, இடப்பக்க மூளைக்குள் சென்றது. சாயம் பரவியது. புடைப்பு தெரிந்தது. நாளத்தின் சுவரில் ஒரு திராட்சையைப் போல உப்பியிருந்தது. அதன் உச்சியில் சுவர் சவ்வாக மெலிந்து, ஒவ்வொரு துடிப்பிலும் புகைபோல இரத்தம் கசிந்தது. இதுவரை கசியவில்லை; இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. கருவி கணக்கிட்டு எழுதியது: வெடிக்க எட்டு நிமிடம், ஒரு நிமிடம் முன்பின்.

புடைப்பின் கழுத்தில், இரு பக்கமும் ஒவ்வொரு துணைநாளம் கிளைத்திருந்தது. கருவி ஒன்றுக்கு மஞ்சளும் மற்றதற்கு நீலமும் தீட்டியது. புடைப்பை மறைக்கும் வலைக்குழாயை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் விரிக்க முடியும். எந்தப் பக்கம் சாய்த்தாலும், அந்தப் பக்கத்துக் கிளை மூடிவிடும்.

இரண்டும் இன்னவை என்று உறுதி செய்ய வேண்டியிருந்தது. பூங்கோதை நுண்குழலின் முனையில் இருந்த கடுகளவு பலூனை மஞ்சள் கிளையின் வாயில் ஊதினார்.

"இருவத்திரண்டு வருசமா போன்லயே உக்காந்திருக்கறனுங்க," என்று மரகதமணி சொல்லிக்கொண்டிருந்தார். "தண்ணி வரலீன்னு ஏழு தலைமொறைய இழுத்துத் திட்டறவங்ககூட, வெக்கறப்ப 'சரிங்கக்கா, சாப்புட்டீங்களா'ன்னு கேட்டுட்டுத்தான் வெப்பாங்க. மூணாவது குறுக்குத் தெருவுல ஒரு பெரியவருங்க, தெனமும் காலைல ஆறு மணிக்கெல்லாம்..."

சொல் நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது. கண்கள் அகன்று பூங்கோதையின் முகத்தைத் தேடின. பத்து நொடி. பூங்கோதை பலூனைச் சுருக்கினார்.

"...என்னங்க இது? சொல்ல வந்தது வாய்வரைக்கும் வந்து அடைச்சுக்கிச்சு."

"ஒண்ணுமில்லீங்க. வாய் காஞ்சிருக்கும்."

அடுத்தது நீலக் கிளை. மரகதமணியின் வலக்கையில் பிடிக்கக் கொடுத்திருந்த இரப்பர் பந்து நழுவி, தரையில் உருண்டு சுவரோரம் போய் நின்றது.

"அட, கையும் மரத்துப்போச்சுங்க. வயசாயிருச்சாட்டிருக்குது."

பூங்கோதை கண்ணாடிச் சுவரைப் பார்த்து, "கதவச் சாத்துங்கண்ணா" என்றார். கதிர் அறையின் ஒலிவாங்கியை அணைப்பதற்கு அங்கே அப்படித்தான் பெயர். உறவினர்கள் பேசுவது நோயாளிக்கும், நோயாளி பேசுவது உறவினர்களுக்கும் கேட்கக் கூடாது. கேட்டால் எவராலும் தேர்ந்தெடுக்க முடியாது. நாச்சிமுத்து பொத்தானை அழுத்தினார். பூங்கோதை கண்ணாடிக்கு அப்பால் வந்து, பார்வைக் கூடத்துடன் பேசினார்.

"மஞ்சளை மூடுனா பேச்சு போயிருங்க. புரிஞ்சுக்குவாங்க, நெனைப்பாங்க, வார்த்தையெல்லாம் உள்ள அப்படியே இருக்கும். வாய்க்கு வராது. நீலத்தை மூடுனா வலக்கையும் வலக்காலும் வராது. ரெண்டும் திரும்பி வர்றதில்லீங்க. ஆறு நிமிசம் இருக்குது."

மாடியிலிருந்து முதலில் வந்தது ரங்கராசின் குரல். "பேச்சு போனா எங்கக்கா எங்கக்காவே இல்லீங்க மச்சான்."

"பேசாமக்கூடப் பொழைக்கலாம் மாப்ள. படுத்துட்டா? ஒருத்தர் குளிக்க ஊத்தணும், ஒருத்தர் கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போகணும். அவ ரோசக்காரி. எனக்குப் பாரம்னு சொல்லலடா. அவளுக்கே அது நரகம்."

"அவங்களுக்கு எது நரகம்னு நீங்க சொல்றதுங்களா?"

"இருவது வருசமா நாந்தானடா கூட இருக்கறேன்!"

இருவரும் தத்தம் பொத்தானை அழுத்திவிட்டார்கள். திரையின் அடியில் அவர்களுடைய பெயர்கள் எழுந்தன. ரங்கராசு: பேச்சு இருக்கட்டும். சென்னியப்பன்: கை இருக்கட்டும்.

அப்போதுதான் யாழிசை பேசினாள். "டாக்டர், அம்மாகிட்டயே கேட்டுரலாமுங்களே? அங்க முழிச்சுட்டுத்தான இருக்காங்க?"

பூங்கோதை கண்ணாடி வழியே பார்த்தார். மேசையில் மரகதமணியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. யாரும் அருகில் இல்லையென்பது தெரியாமல், அல்லது தெரிந்தே, அவர் பேசிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்துவின் திரையில் மஞ்சள் கிளை அந்தப் பேச்சுக்கேற்ப அகன்று, ஒடுங்கி, மீண்டும் அகன்றது. நாச்சிமுத்து திரையைப் பார்க்காமல் பூங்கோதையைப் பார்த்தார்.

"நீ சும்மா இரு கண்ணு," என்றார் சென்னியப்பன். "தலைக்குள்ள ரத்தம் கசியுதாம். இந்த நேரத்துல போயி வாய் வேணுமா கை வேணுமான்னு கேட்டா, பயத்துல அங்கயே வெடிச்சுரும். டாக்டரம்மா, சொல்லுங்க அவளுக்கு."

பயம் இரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பது பொய்யில்லை. அதைக் குறைக்க மருந்து உண்டு என்பதும் பொய்யில்லை. பூங்கோதையின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கேட்பதற்கு அரை நிமிடம் போதும். நான்கு நிமிடம் மீதமிருந்தது. ஆனால் அந்த அரை நிமிடத்தில் தாம் என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்பதைப் பூங்கோதை எண்ணிப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் அந்த வாக்கியத்தை ஒருமுறையேனும் எவரிடமும் அவர் சொன்னதில்லை. அழும் கணவரின் முன்னால் அவரை மறுத்துப் பேசவும் அவருக்கு வரவில்லை.

"அது உங்க குடும்பத்து முடிவுங்க," என்றார்.

யாழிசை மேலும் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாள். "பேச்சு போனா... எழுத முடியுங்களா?"

"முடியும்."

"அப்ப எங்களுக்கு எழுதிக் காட்டுவாங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அழுத்தினாள்.

பூங்கோதை ஆறாவது கட்டத்தில் 'இல்லை' என்று குறியிட்டுவிட்டு மேசைக்குத் திரும்பினார். ஒலிவாங்கி அணைந்தேதான் இருந்தது. வலைக்குழாயை விரிப்பது நகக்கண் அசைவளவு வேலை. கண் திரையை விட்டு அகலக் கூடாது. மரகதமணி ஏதோ கேட்டார். பூங்கோதை "ம்" என்றார். மரகதமணி வேறு ஏதோ சொல்லிச் சிரித்தார். பூங்கோதை மறுபடியும் "ம்" என்றார். பக்கத்து வீட்டு வானொலிபோல அந்தக் குரல் ஓடிக்கொண்டிருந்தது. வலை மஞ்சள் பக்கமாகச் சாய்ந்தது, விரிந்தது, பொருந்தியது. புகைபோன்ற கசிவு நின்றது. மஞ்சள் கிளையில் சாயம் மெலிந்து, நூலாகி, இல்லாமல் போனது.

அறை அமைதியானது.

‘புடைப்பு முழுமையாக அடைபட்டது,’ என்று கருவி எழுதியது.

மூன்று வாரம் கழித்துச் சென்னியப்பன் தொலைபேசியில் அழைத்தார்.

"கை நல்லா இருக்குதுங்கம்மா. சமைக்கறா, துவைக்கறா, ஒண்ணுக்கும் கொறையில்லீங்க. ஆனா நேத்து ஒரு தாள்ல எழுதி என்ற முன்னால வெச்சா. அந்தப் பதிவப் பாக்கோணுமாம். அத... காட்டாம இருக்க வழியிருக்குங்களா? மங்கலாக்கியாவது குடுத்துருங்க. பழைய மிசின்ல எடுத்தாப்ல."

"அவங்க உரிமைங்க அது," என்றார் பூங்கோதை. சொல்லும்போதே, இந்த வார்த்தையைச் சொல்ல வேண்டிய நாள் வேறொரு நாள் என்று அவருக்குத் தோன்றியது.

"அப்ப நான் வர்லீங்க. புள்ளைய அனுப்பறேன்."

மறுநாள் மரகதமணி மகளோடு வந்தார். எழுந்து நின்ற பூங்கோதைக்கு முறையாக வணக்கம் வைத்தார். கை திருத்தமாக உயர்ந்தது. மடியில் ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் இருந்தன. நாச்சிமுத்து பதிவை ஓட்டிவிட்டு, யாரும் சொல்லாமலேயே வெளியே போய்விட்டார்.

திரையில் நாளங்கள் மட்டும் ஓடின. ஊடுகதிர்ப் படத்துக்கு ஒலி கிடையாது. அடியில் ஓடிய வரிகளை மரகதமணி நிதானமாகப் படித்தார். தம்பியின் பெயரைப் படித்தார். கணவரின் பெயரைப் படித்தபோது முகம் மாறவில்லை, எதிர்பார்த்திருப்பார்போலும். மகளின் பெயர் வந்ததும் யாழிசை தலையைக் குனிந்துகொண்டாள். மரகதமணி இடக்கையை நீட்டி மகளின் தலைமீது வைத்தார். வலக்கையால் பூங்கோதையிடம் படத்தைப் பின்னால் ஓட்டுமாறு சைகை செய்தார்.

ஆறாவது கட்டம் திரைக்கு வந்தது. அதற்கு மேலே, அதே நொடியில், மஞ்சள் கிளை அகன்று ஒடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் 'பேச்சு' என்று கருவி எழுதியிருந்தது; எந்தக் குழந்தையும் புரிந்துகொள்ளும். மரகதமணி எழுதினார்.

'இங்க நான் பேசிட்டிருக்கறேன்.'

"ஆமாங்க," என்றார் பூங்கோதை.

'அப்பறம் ஏன் இல்லைன்னு எழுதுனீங்க?'

நேரம், அழுத்தம், கசிவு, குடும்பத்தின் வேண்டுகோள் என்று பூங்கோதை சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் திரையில் எண்ணாகவும் கோடாகவும் நின்று அவரை மறுத்தது. மூன்று நிமிடம் மீதமிருந்ததைத் திரை காட்டியது. இரத்த அழுத்தம் சீராக இருந்ததைக் காட்டியது. எதையும் மறைக்காத படம் வேண்டுமென்று கேட்டவர் அவரே. பாதியில் நிறுத்தி, "மன்னிச்சுக்கங்க" என்றார்.

மரகதமணி அதை ஏற்றுக்கொண்டதாகவும் மறுத்ததாகவும் காட்டவில்லை. படம் முன்னால் ஓடியது. வலை விரிந்தது. மஞ்சள் கிளை கடைசியாக ஒருமுறை நன்றாக அகன்றது. அதுவரை இல்லாத அளவு. பிறகு நூலானது. பிறகு இல்லை.

அவர் படத்தை அங்கே நிறுத்தச் சைகை காட்டினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுதினார்.

'இதுல நான் என்ன பேசுனேன்?'

பூங்கோதை திரையைப் பார்த்தார். அந்த நொடியில் கிளையின் விட்டம் அவருக்குத் தெரிந்தது. சாயத்தின் வேகம் தெரிந்தது. தம் விரல் எத்தனை பாகை திரும்பியது என்பதுகூடத் தெரிந்தது. மேசையருகே அந்தக் குரலைக் கேட்கும் தூரத்தில் இருந்த ஒரே மனிதர் தாம்தான் என்பதும் தெரிந்தது.

யாழிசை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணப் பத்தித்தாங்க பேசிட்டிருந்தீங்க," என்றார் பூங்கோதை மிக மென்மையாக. "பெருமையாத்தான்."

யாழிசை அழத் தொடங்கினாள். மரகதமணி மருத்துவரின் முகத்தை உற்றுப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் தொலைபேசியில் மனிதர்களின் குரலை மட்டுமே கேட்டு, எது மெய், எது சாக்கு என்று பிரித்தறிந்தவர் அவர். நோட்டில் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பினார். எதையும் எழுதாமல் அதை மேசைமீது பூங்கோதையின் பக்கமாகத் தள்ளி, பேனாவையும் மூடி கழற்றி நீட்டினார்.

பூங்கோதை பேனாவை வாங்கிக்கொண்டார். கோடு போட்ட தாளில் முதல் வரியின் தொடக்கத்தில் முனையை வைத்தார். கை நன்றாகத்தான் இருந்தது. மை ஒரு புள்ளியாக ஊறிப் பெரிதாகிக்கொண்டே போனது.